இருநூற்று இருபத்து மூன்று

மூன்று நாளாய்ப் பல்லி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது.
டிக். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக்.
பல்லி சொன்னால் திசைக்கொரு பலன் உண்டு.
ஹார்டு டிஸ்க் சொன்னால்
எந்தத் திசையிலும் ஒரே பலன்தான்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், சிட்டா, அடங்கல்.
கேட் போட்டால் வியாபாரம்.
அன்றைக்குப் போட்டிருந்தது.
ஐப்பசி மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்த்து உள்ளே ஒன்பது பேர்.
பயிர்க் காப்பீட்டுக்கு இன்னும் நாலே நாள்.
திரை நீலமாகி
அப்படியே நின்றது.

மன்னார்குடியில் ஜெகபர் அதைக் காதில் வைத்துக் கேட்டார்.
"உசிரு இருக்கு. நம்பாதீங்க."

என்னிடம் ஆயிரத்து நானூறு.
கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தார்.
ஒரு டெராபைட், புதுசு. விலை கேட்டதோடு சரி.
ஐந்நூறு ஜிபி, பழசு, எழுநூறு ரூபாய்.
அப்புறம் சீட்டுக்கட்டு கனத்தில் ஒரு எஸ்எஸ்டி,
பெயரே கேள்விப்படாத கம்பெனி,
இருநூற்று நாற்பது ஜிபி, ஆயிரத்து அறுநூற்றைம்பது.

என் கை பழசுக்குத்தான் போனது.
தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது,
இது காசு கொடுத்து வாங்குகிற மாடு.
ஜெகபர் ஒயரில் மாட்டிப் பல்லைக் காட்டினார்:
ஓடிய நேரம் முப்பத்தோராயிரம் மணி.
"நகைக்கடை கேமராவுல இருந்தது."

மூன்றரை வருஷம் இமைக்காமல் பார்த்திருக்கிறது.
வளையலைப் போட்டுப் பார்த்து,
விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து,
கழற்றி வைத்துவிட்டு வந்த ஒருத்தி
அதில் எங்கோ இருப்பாள்.
வேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு எவ்வளவு இடம் வேணும்?"
இதை யாரும் என்னைக் கேட்டதில்லை.

திறந்து பார்த்தோம். நானூற்றுப் பன்னிரண்டு.
நாத்தனார் கல்யாண வீடியோ, நாலு பிரதி.
அது போகட்டும்.
ஒளிமதி, பூவனூர், ரிஷியூர்:
மூன்று ஊரின் பட்டாவும் பாஸ்புக்கும் ஆதாரும் சேர்ந்து
வெறும் ஒன்பது ஜிபி.
மிச்சத்தில் பெரும்பங்கு
குரூப் ஃபோர் வகுப்புகள். நான் இறக்கியது.
முந்நூற்றுச் சொச்சத்தில்
பார்த்தது பதினொன்று.

"இது வேணுமாக்கா?"
மழையைப் பார்த்தேன்.
"வேணும்."

விண்டோஸோடு கூட்டினால் இருநூற்று இருபத்தொன்பது.
நாற்பதில் அடங்கிவிடும் என்று எஸ்எஸ்டியைக் கேட்டேன்.
ஆயிரத்து நானூறையும் கொடுத்தேன்.
(டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.)
மீதி இருநூற்றைம்பதை
நாட்காட்டித் தாளின் முதுகில் எழுதிக்கொண்டார்.

மாட்டியதும் கணினி சொன்னது: இருநூற்று இருபத்து மூன்று.

"கம்பெனிக்காரன் கணக்கு வேற, கம்ப்யூட்டர் கணக்கு வேற" என்றார்.
எனக்குப் புரியாதா.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று பிடிப்பதை
வருஷா வருஷம் என் அப்பாவுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறவள் நான்.
இங்கே பதினேழு கழிவு.
ஆறு ஜிபி உதைத்தது.

பார்த்து முடித்த பதினொன்றை விட்டுவிட்டு
பார்க்காத எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன்.
"இப்படி அடைச்சா மூச்சு முட்டும்" என்றார்.
முட்டட்டும்.

பழசு கடைசியாக ஒருதரம் முனகி
ரிஷியூரில் ஏழு பேரைத் தராமலே நின்றுவிட்டது.

மறுநாள் கடையில் பதினோரு விநாடியில் திரை வந்தது.
அந்த நேரத்தில்தான் முன்பெல்லாம் வாசல் கூட்டுவேன்.
விளக்குமாறும் கையுமாய் நின்றேன்.
டிக் என்றது.
பதறிப் பார்த்தால்
சுவரில் நிஜப் பல்லி.

கேட் போட்டுவிட்டார்கள்.
நான் ரிஷியூருக்குப் போன் போட்டேன்.
"பாஸ்புக்கை மறுபடி எடுத்துக்கிட்டு வரணும் மாமா."
"அன்னைக்கே குடுத்தேனேம்மா?"
"குடுத்தீங்க."
"இங்க வரப்பு முழுவிப் போயி கிடக்கு."
"பாலிதீன் கவர்ல சுத்தி எடுத்துட்டு வாங்க.
இன்னும் மூணு நாள் இருக்கு."